பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்தால், "நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூண்டு என்றால் என்ன, அதை எங்கே ஏற்றுவார்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்று என்றால் வேடிக்கை பார்ப்போம். ஏழு என்றால் அம்மா அடுப்பங்கரைக்கு விறகை எடுத்து வைத்துவிடுவாள். பத்து என்றால் சாமி விளக்கு.

கொடிமரம் போன்ற உயர்ந்த கம்பத்தில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூடைகளைத் தொங்கவிடுவார்கள். இரவில் அதற்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கடலில் இருக்கும் கப்பல்காரனுக்கும் தோணிக்காரனுக்கும் எழுத்தில்லாமல் சொல்லும் செய்தி அது. ஒன்றும் இரண்டும் தொலைவில் ஏதோ உருவாகிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரும் என்பதற்கு. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம்.

பத்தோடு முடியவில்லை. 11 என்று ஒரு எண் உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோய்விட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பதுதான் அதற்குப் பொருள். வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிய எனக்கு, மற்ற பத்து எண்களையும்விட இந்தப் பதினொன்றுதான் அதிகம் யோசனை தந்தது. புயலைக் கண்டுபிடிக்கும் கலை நூற்றைம்பது வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. கடைசியாக நிற்கும் மனிதனுக்குச் செய்தி போய்ச் சேர்வதும், சேர்ந்தால் அவன் என்ன செய்யலாம் என்பதும் அதே வேகத்தில் வளர்ந்ததா என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கல்கத்தாவில் தொடங்கியது

'சைக்ளோன்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். கப்பலோட்டியாக இருந்தவர். கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளை வாங்கி, எந்த நாளில் எந்த இடத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தார். வங்கக் கடல் புயல் நேர்க்கோட்டில் அடிக்கும் காற்று இல்லை, பாம்பு சுருண்டதுபோல் வட்டமிடும் காற்று என்று விளக்கினார். அந்தப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரை வைத்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசாங்கம் திட்டமிட்டபோது, 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்த இடத்தில் ஒருநாள் புயல் கடலையே உள்ளே தள்ளிக்கொண்டு வரும், எல்லாம் அழியும் என்று எச்சரித்தார். கேட்பார் இல்லை. துறைமுகம் கட்டினார்கள், கேனிங் துரை பெயரை வைத்தார்கள். 1867 புயலில் அது சிதைந்து, பிறகு கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதற்குள் 1864 வந்து போயிருந்தது. அந்த அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மாண்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் முதல் தேதி மசூலிப்பட்டினத்தில் கடல் உள்ளே வந்து சுமார் 30,000 பேரைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 1865-ல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. கூண்டு ஏற்றும் வழக்கம் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவியது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏற்பாடு முழுக்கக் கப்பலுக்காக வந்தது. கரையில் குடிசை போட்டிருந்தவனுக்காகவோ, ஐம்பது மைல் உள்ளே ஏரிக்கரையில் வயல் வைத்திருந்தவனுக்காகவோ வந்ததில்லை.

தாலுகா ஆபீஸும் தண்டோராவும்

ஊருக்குள் செய்தி கொண்டுபோகும் வேலை வருவாய்த் துறையின் தலையில் விழுந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தாலுகா அலுவலக வளாகத்தில் ஒரு மழைமானி இருக்கும். காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து மேலே தெரிவிக்க வேண்டும். வானிலை எச்சரிக்கை தந்தியாகவோ போலீஸ் வயர்லெஸ் வழியாகவோ கலெக்டருக்கு வரும். கலெக்டரிடமிருந்து தாசில்தார், தாசில்தாரிடமிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அவரிடமிருந்து கர்ணம், மணியக்காரர். கடைசியில் தலையாரி. அவர் தண்டோரா போட்டால்தான் ஊருக்குத் தெரியும்.

ஐந்தாறு கை மாறும் இந்தச் சங்கிலியில் எழுத்து மாறாமல் வந்தாலும் நேரம் தங்குமா? மழையில் சைக்கிள் போகாது, தந்திக் கம்பி விழுந்திருக்கும். ஆனால் அந்தக் கடைசி ஆள் ஊர்க்காரர். எந்தத் தெரு முதலில் முழுகும், எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள், பள்ளிக்கூடச் சாவி யாரிடம் என்று அவருக்குத் தெரியும். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒழித்தது சரியான காரியம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. புதிதாக வந்த பையன்கள் ஊரைக் கற்றுக்கொள்ளச் சில ஐப்பசிகள் ஆயின என்பதையும் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடி ரயில்

1964 டிசம்பர் 17-ஆம் தேதி அந்தமான் பக்கம் உருவான தாழ்வு நிலை, புயலாக வலுத்து, இலங்கையைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. புயல் இருப்பது வானிலைத் துறைக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஐந்து நாளாகக் கடலில் இருந்த புயல் அது.

அன்றிரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நிறுத்திப் பார்த்தார். இருட்டு, மழை, சிக்னல் விழவே இல்லை. விசில் ஊதிவிட்டு மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். இருபது அடிக்கு மேல் எழுந்த அலை ரயிலை அப்படியே வாரிக்கொண்டது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என்பது கணக்கு. ரயில் என்ன ஆயிற்று என்பதே தலைமையகத்துக்கு உடனே தெரியவில்லை. அந்தப் புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் மாண்டதாகச் சொல்கிறார்கள்.

தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் 46 நாளில் சீர் செய்து கொடுத்ததை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த டிரைவரை நினைத்துப் பாருங்கள். தொடர்பு அறுந்துவிட்டது என்று அந்த சிக்னலே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கப்பலுக்கு அதைச் சொல்ல ஒரு கூண்டு இருந்தது. தண்டவாளத்தில் நின்றவருக்கு அதைப் படித்துச் சொல்ல யாரும் இல்லை.

காற்று ஒன்று, வெள்ளம் ஒன்று

1977 நவம்பர் 12 அதிகாலை நாகைக்குத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. கூண்டு ஏற்றியிருந்தார்கள், கடற்கரையில் எல்லாரும் விழிப்பாகத்தான் இருந்தார்கள். புயல் உள்ளே போய்த் திருச்சிப் பக்கம் கொட்டிய மழையில் கோரையாறும் குடமுருட்டியும் உடைத்துக்கொண்டு நகரத்துக்குள் வந்தன. உறையூர், புத்தூர், தில்லை நகர் எல்லாம் தண்ணீர். கடலுக்கும் திருச்சிக்கும் எவ்வளவு தூரம்! அங்கே கூண்டு ஏற்றக் கம்பமே கிடையாது. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால், திருச்சி முழுகிய செய்தி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு லாரி டிரைவர் வாயால்தான் விவரமாக வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில், 19-ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமைப் பக்கம் இன்னொரு புயல் கடலை உள்ளே தள்ளிப் பத்தாயிரம் பேருக்கு மேல் கொன்றது.

காற்றைச் சொல்லும் துறை வேறு, ஆற்றைச் சொல்லும் துறை வேறு என்பதை அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். ஆற்று வெள்ள முன்னறிவிப்பு நம் நாட்டில் 1958-ல் டெல்லியில் யமுனைக்காகத் தொடங்கியது. எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று வானிலைக்காரர் சொல்லலாம். அந்த மழை எந்த ஏரியில் எத்தனை மணிக்கு எத்தனை அடி ஏறும், எந்த மதகைத் திறந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போடுபவரும், மதகைத் திறக்க உத்தரவிடுபவரும், தெருவைக் காலி செய்பவரும் மூன்று வேறு துறைக்காரர்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி சென்னைக்கு நடந்தது அதுதான். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஏற்கெனவே நவம்பர் மழையில் நிறைந்திருந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதே அடையாற்றில்தான் விழுந்தது. முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. இது மனிதரால் விளைந்த பேரிடர் என்று தணிக்கைத் துறை தன் அறிக்கையில் எழுதியது. நான் பார்ப்பது வேறு இடத்தை. ஆற்றங்கரையில் படுத்திருந்த பலருக்கு ஏரி திறந்த செய்தியைச் சொன்னது கட்டிலைத் தொட்ட தண்ணீர்தான்.

சொல்லிப் பிழைத்த ஊர்கள்

எல்லாம் இருட்டு என்று எழுத நான் உட்காரவில்லை. 1999-ல் ஒடிசா பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த மாநிலம் உடனே பேரிடருக்கென்றே தனி அமைப்பு ஏற்படுத்தியது, கரையோரம் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியது, ஊருக்கு ஊர் பயிற்சி கொடுத்தது. 2013-ல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. புயல் அதே ரகம், கடல் அதே கடல். நம் பக்கம் 2018-ல் கஜா வந்தபோதும் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்கு மாற்றினார்கள். தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து விவசாயிகளுக்கு அது இன்னும் ஆறாத புண். ஆட்களை நகர்த்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

2004 சுனாமியன்று எந்தக் கூண்டும் ஏறவில்லை, எந்தத் தந்தியும் வரவில்லை. புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவ கிராமத்தின் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தி அறிந்து ஊருக்குப் போன் போட்டார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில், மீன் விலையும் கடல் நிலவரமும் சொல்வதற்காக ஒலிபெருக்கி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் அறிவித்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்த ஊரில் வீடும் படகும் போயின, உயிர் போகவில்லை. தினமும் கேட்டுப் பழகிய குரல் சொன்னதால் ஜனங்கள் நம்பி ஓடினார்கள்.

2023 டிசம்பர் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். நம் ஊர்களின் ஒரு வருட மழை ஒரு நாளில்! முன்கூட்டியே சரியாகச் சொல்லவில்லை என்று மாநில அரசும், சொன்னோம் என்று மத்திய அரசும் பிறகு வாதாடிக்கொண்டன. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சுமார் 800 பேரோடு சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து சேர்ந்தது. முன்னால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்று தெரிந்ததும், அங்கிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை மேலே விடவில்லை. சுமார் 300 பேரை அருகிலிருந்த பள்ளிக்கு அனுப்பினார்கள், அதற்குள் சாலையும் அறுந்தது. மற்றவர்கள் சுற்றிலும் தண்ணீர் நடுவே அங்கேயே இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீட்டிலேயே வெள்ளம் நிற்கும்போது, அரிசியும் பருப்பும் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். பிறகு ஹெலிகாப்டர் வந்தது, மீட்புப் படை வந்தது. ஒருவர்கூட வெள்ளத்தில் போகவில்லை.

1964-ல் ஒரு ரயில், 2023-ல் ஒரு ரயில். இடையில் ரேடார், செயற்கைக்கோள், கைப்பேசி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று என்னென்னவோ வந்துவிட்டன. அவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஸ்ரீவைகுண்டத்தில் தகவல் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது. "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருந்தது, சொல்லும் துணிவும் இருந்தது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுவதற்குத்தான் அரசாங்கம் இத்தனை ஆபீஸ் வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வேலையில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மதகின் பக்கத்தில் நிற்கும் லஸ்கருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும், தொடர்பு அறுந்தால் மேலிடத்தைக் கேட்காமல் எதைச் செய்யலாம் என்று மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கப்பல்காரனுக்கு அந்தக் காலத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலை உண்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. காலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் முதலில் தண்ணீர் வரும், அங்கே நடக்க முடியாதவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஐப்பசிக்குள் அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வையுங்கள்.