வளிமமும் படிகமும்: கண்ணாடியைப் பொறிக்கும் புற ஊதா லேசரின் வரலாறு

கண்ணாடிக் குவளையில் பெயர் பொறிக்கவும், மருந்துக் குப்பியில் அடையாளக் குறியீடு இடவும் இன்று 355 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா லேசர் பரவலாகப் பயன்படுகிறது. இத்தொழில்நுட்பத்தின் தொடக்கத்தை 1981-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் நடந்த சோதனைகளில் காண்பது வழக்கம். அந்தச் சோதனைகளின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கண்ணாடியைப் பொறிக்கும் இன்றைய இயந்திரம் அந்தக் கிளையில் வந்ததன்று. ஐ.பி.எம். குழு பயன்படுத்தியது வளிம லேசர். பட்டறைக்கு வந்து சேர்ந்தது படிகத்தின் வழி பிறந்த லேசர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால், கண்ணாடியில் உண்மையில் என்ன நடக்கிறது என்ற விளக்கமும் பிசகிவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

லேசருக்கு முந்தைய முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராகாவில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அவையில் இருந்த காஸ்பர் லேமான், சுழலும் சக்கரத்தால் கண்ணாடியைச் செதுக்கும் தனியுரிமையை 1609-இல் பெற்றார். பின்னாளில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் அரிக்கும் முறை வந்தது. 1870-இல் பெஞ்சமின் டில்க்மன் மணல் வீச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றும் இன்றுவரை வழக்கில் உள்ளன.

1964-இல் பெல் ஆய்வகத்தில் இரு லேசர்கள் உருவாயின. ஒன்று, குமார் பட்டேல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மற்றொன்று, 1064 நானோமீட்டரில் ஒளிரும் நியோடிமியம் யாக் படிக லேசர். முதலாவதன் ஒளியைக் கண்ணாடி மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். அதனால் அது கண்ணாடிப் பொறிப்புக்குப் பொருந்தியது. இரண்டாவதன் ஒளியோ கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு லேசர் இட்ட எழுத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் குறை தெரியும். கோட்டின் ஓரம் நேராக இராது. சூடேறி விரிந்த இடம் குளிர்ந்து சுருங்கும்போது சிப்பி வடிவில் சில்லுகள் தெறித்திருக்கும். சில்லுகளுக்கு அடியில் மெல்லிய விரிசல்கள் கிளைத்துக் கிடக்கும். விரல் வைத்தால் நெருடும். பெரிய எழுத்துக்கு இது போதும். நுண்ணிய குறியீட்டுக்குப் போதாது.

குறுகிய அலைநீளம் வேண்டும் என்பது கோட்பாட்டளவில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரே வில்லை அமைப்பில் ஒளியைக் குவித்தால் கிடைக்கும் புள்ளியின் அளவு அலைநீளத்தைப் பொறுத்தது, 10.6 மைக்ரோமீட்டரிலிருந்து 355 நானோமீட்டருக்கு வந்தால் புள்ளி ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். கேள்வி, அந்த ஒளியை எப்படிப் பெறுவது என்பதுதான்.

விடையின் முதல் பாதி 1961-இலேயே கிடைத்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் மூன்று கூட்டாளிகளும் மாணிக்க லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்சுப் படிகம் ஒன்றில் குவித்தனர். வெளிவந்த ஒளியை நிறமாலைத் தட்டில் பதித்தபோது, சிவப்பு ஒளியின் பெரிய கறைக்கு அப்பால், 347 நானோமீட்டரில் ஒரு சிறு புள்ளி விழுந்திருந்தது. ஒளியின் அதிர்வெண் இரட்டித்துப் புற ஊதாவாகியிருந்தது. ஆய்விதழில் அந்தப் படம் அச்சானபோது புள்ளியைச் சுட்டும் அம்புக்குறி இருந்தது, புள்ளி இல்லை. அச்சுப் பணியில் அதைத் தூசி என்று எண்ணி நீக்கிவிட்டார்கள் என்பது துறையில் நிலைத்துவிட்ட செய்தி. மறுஆண்டே, படிகத்தைத் தக்க கோணத்தில் திருப்பி மூல அலையையும் இரட்டித்த அலையையும் ஒரே கட்டத்தில் ஓடவைத்தால் மாற்றத்தின் அளவு பன்மடங்கு உயரும் என்று இரு குழுக்கள் காட்டின. ஆயினும் தொழிற்சாலைச் சுமையைத் தாங்கி, புற ஊதாவில் நெடுநேரம் பழுதின்றி உழைக்கும் படிகம் அப்போது கையில் இல்லை. இந்தக் கிளை இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைவெளியில்தான் வளிமக் கிளை தழைத்தது. 1970-இல் மாஸ்கோவின் லெபதேவ் நிறுவனத்தில் இயற்பியலாளர் பாசவின் குழு, எக்சைமர் எனப்படும் புற ஊதா லேசர் வகையின் முதல் லேசரை இயக்கியது. 1970களின் நடுவில் ஆர்கான் ஃபுளூரைடு (193 நானோமீட்டர்), கிரிப்டான் ஃபுளூரைடு (248), செனான் குளோரைடு (308) ஆகிய வளிம எக்சைமர் லேசர்கள் வந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஒளிவேதியியல் வல்லுநராக இருந்தார். 193 நானோமீட்டர் துடிப்புகள் பிளாஸ்டிக் படலத்தை உருக்காமல், கருக்காமல் அடுக்கடுக்காக அகற்றுவதை அவர் கண்டார். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின் குருத்தெலும்பில், சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் சேர்ந்து இரண்டு வெட்டுகளைச் செய்து பார்த்தார். 532 நானோமீட்டர் பச்சை ஒளி வெட்டிய ஓரம் கருகியிருந்தது. 193 நானோமீட்டர் வெட்டிய பள்ளம் துடைத்துவைத்தது போல் இருந்தது. இன்று கண்பார்வைத் திருத்தத்திற்குச் செய்யும் லேசர் அறுவைக்கு அடிப்படை அதுவே. மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. 

193 நானோமீட்டர் ஒளியன் (ஃபோட்டான்) ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 6.4 எலெக்ட்ரான் வோல்ட். பிளாஸ்டிக்கிலும் திசுவிலும் உள்ள கார்பன் பிணைப்புகளை உடைக்க அது தாராளமாகப் போதும். வெப்பம் பரவுமுன் உடைந்த துணுக்குகள் வெளியேறிவிடுகின்றன. சுடாமல் வெட்டுவது என்ற விளக்கம் இங்கிருந்துதான் எழுந்தது. இங்கே அது பெருமளவு சரியும்கூட. தவறு, அதே விளக்கத்தை 355 நானோமீட்டருக்கும் கண்ணாடிக்கும் அப்படியே நீட்டியதில்தான். 355-இல் ஒளியனின் ஆற்றல் 3.5 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. தூய சிலிக்காக் கண்ணாடியில் எலெக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்க ஏறத்தாழ 9 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஒற்றை ஒளியனால் அது நடவாது. சாதாரணச் சன்னல் கண்ணாடியே 355 நானோமீட்டர் ஒளியின் பெரும்பகுதியை ஊடுருவ விட்டுவிடும்.

அப்படியானால் குறி எப்படி விழுகிறது? சில நானோநொடிகளே நீடிக்கும் துடிப்பைச் சில பத்து மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியில் குவிக்கும்போது, அவ்விடத்தில் ஒளியின் செறிவு மிக உயர்கிறது. பல ஒளியன்கள் ஒருங்கே உட்கவரப்படுகின்றன. மேற்பரப்பின் கீறல்களும் இரும்பு முதலிய மாசுகளும் அதற்குத் துணைபோகின்றன. விடுபட்ட எலெக்ட்ரான்கள் மேலும் ஆற்றலை உறிஞ்சிப் பெருகி, சிறு பிளாஸ்மா எழுகிறது. பிறகு நடப்பது உருகலும் நுண்ணிய உடைவும்தான். அதாவது இங்கும் வெப்பம் உண்டு. ஆனால் மிகச் சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது. கோடு மென்பனி படிந்தாற்போல் வெண்மையாகத் தெரிவதற்கும், ஓரம் தெறிக்காமல் இருப்பதற்கும் இந்த அடக்கமே காரணம். ஒளி ஊடுருவிச் செல்வதால், குவியத்தை மாற்றிக் கண்ணாடியின் பின்முகத்திலும் குறியிட முடிகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரால் இது இயலாது.

இந்த 355 நானோமீட்டரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவை சீனாவின் ஃபூஜோவில் சென் சுவாங்தியனின் குழு கண்டறிந்த இரு போரேட் படிகங்கள். 1980களின் நடுவில் பேரியம் போரேட்டும், 1989-இல் லித்தியம் போரேட்டும் ஆய்விதழ்களில் வெளியாயின. நியோடிமியம் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளியை ஒரு படிகம் 532 ஆக்கும். மிச்சமிருக்கும் 1064-உடன் அதைக் கலந்து மற்றொரு படிகம் 355 ஆக்கும். 1990களில் விளக்குக்குப் பதிலாக டையோடுகளே லேசரை உயிர்ப்பிக்கத் தொடங்கியபோது கருவி சிறுத்தது, ஆயுள் கூடியது. நச்சு ஃபுளூரின் வளிமத்தை அடிக்கடி நிரப்ப வேண்டிய எக்சைமர் லேசர் மருத்துவமனையிலும் குறைகடத்திச் சில்லுத் தொழிற்சாலையிலும் நிலைத்தது. பொறிப்புத் தொழில் படிகத்தின் பக்கம் வந்துவிட்டது.

பிற பொருள்களில் கதை வேறு. விமானக் கம்பிகளின் வெண்ணிற ஃபுளூரோ பாலிமர் உறையில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருக்கும். புற ஊதா பட்டதும் அந்த நிறமி கருக்கும். உறையில் பள்ளமே விழாமல் எண் பதியும். சூடான அச்சால் எண்ணை அழுத்தும் பழைய முறையில் உறை துளைபட்டு மின்கசிவு நேரும் ஆபத்து இருந்ததால், விமானத் தொழில் புற ஊதா லேசர் முறையை முன்னதாகவே ஏற்றது. செம்போ 1064 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும்; 355-இல் பாதிக்கு மேல் உட்கொள்ளும். மின்சுற்றுப் பலகைகளில் நுண்துளையிட இந்த லேசர் பயன்படுவது அதனால்தான்.

இயந்திரம் வாங்குவோர் வளிம லேசருக்கும் படிக லேசருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணாடியில் வேலை செய்யும்போது 355 நானோமீட்டர் லேசரைச் சூடில்லாத கருவி என்று நம்பாதீர்கள். மெல்லிய கண்ணாடியிலும் உள்ளழுத்தம் ஏற்றிய கண்ணாடியிலும் ஆற்றலைக் குறைத்து, கோடுகளுக்கு இடைவெளி விட்டு, முதலில் கழிவுத் துண்டில் சோதித்துப் பாருங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும். ஆகவே 355 நானோமீட்டருக்கென்று குறிப்பிட்ட பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இயந்திரத்தின் அருகே நிற்க வேண்டாம்.