கைக்குழந்தை உளவியலில் கூட்டாய்வு: ஜவ்வாது மலை வட்டாரம்

கைக்குழந்தைகளின் கவனம், மொழி, சமூக அறிவு ஆகியவற்றைப் பல ஆய்வகங்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரே செய்முறையில் சோதித்து, தரவுகளைச் சேர்த்துப் பகுத்தாய்வதே கூட்டாய்வு. 2015-இல் உளவியலின் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பழைய முடிவைத் தந்தது. அதன்பின் இம்முறை வேகம் பெற்றது.

குழந்தை ஆய்வில் சிக்கல் கூடுதல். ஆறு மாதக் குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது. எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்றுதான் அளக்க வேண்டும். சோதனை நடுவே அது அழும், தூங்கிவிடும், அம்மாவின் வளையலைப் பிடித்து இழுக்கும். அந்தத் தரவைக் கழித்துவிட்டால் பல ஆய்வுகளில் மிஞ்சுவது இருபது, முப்பது குழந்தைகள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் உண்மைபோலத் தோன்றும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃபிராங்கும் பிறரும் தொடங்கிய ‘மெனிபேபீஸ்’ இதற்கு விடை தேடிய கூட்டமைப்பு. பெரியவர்களிடம் பேசும் பேச்சைவிடக் கொஞ்சல் பேச்சைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கிறார்களா என்பது அதன் முதல் ஆய்வு. குழந்தை தாயின் மடியில் இருக்கும். தாயின் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் வேறு ஒலி ஓடும். எந்தப் பேச்சு ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் அறியாமலே குழந்தையைத் திருப்பிவிடக்கூடும். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்வரை பேச்சு ஒலிக்கும். தொடர்ந்து இரண்டு நொடி பார்வையை விலக்கினால் அந்தச் சுற்று முடிந்தது. 67 ஆய்வகங்கள், 2,329 குழந்தைகள். செய்முறையும் பகுப்பாய்வுத் திட்டமும் தரவு திரட்டும் முன்பே இதழின் மதிப்பாய்வுக்குப் போயின. 2020-இல் வெளியான முடிவு: விருப்பம் உண்டு, ஆனால் முந்தைய தொகுப்பாய்வுகள் சொன்னதில் பாதி அளவே. ஒலிப்பதிவு வட அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதையே வீட்டில் கேட்டு வளரும் குழந்தைகளிடம் விருப்பம் கூடுதலாகத் தெரிந்தது.

மெனிபேபீஸின் நான்காம் ஆய்வு இன்னும் கூர்மையானது. 2007-இல் கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் மூவரும், மலையேற முயலும் பொம்மைக்கு உதவும் உருவத்தைக் குழந்தைகள் தேர்ந்தெடுப்பதாக எழுதினார்கள்: ஆறு மாதத்தினர் 12 பேரில் 12 பேர், பத்து மாதத்தினர் 16 பேரில் 14 பேர். ஹாம்லினும் பங்கேற்ற கூட்டாய்வில் 37 குழுக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தன. உதவும் உருவத்தை எடுத்தவர்கள் பாதிப் பேர்தான். 2007-இல் காட்டியது மரப் பொம்மை, கூட்டாய்வில் காட்டியது காணொளி. ஆகவே பழைய முடிவு பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதன்மேல் கட்டிய பெரிய கோட்பாடுகளை ஆறப்போடலாம். தன் கண்டுபிடிப்பைத் தானே சோதனைக்கு விட்ட ஹாம்லினின் துணிவு, அந்த முடிவைவிடவும் மதிக்கத்தக்கது.

ஒற்றைக் களத்தின் வரம்பை ஜவ்வாது மலை முன்பே பார்த்திருக்கிறது, வேறொரு துறையில். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனைக் கடந்தபோது, அம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளி சில நொடி மங்கியதைப் பதிவு செய்து, புதிய துணைக்கோளாக இருக்கலாம் என எழுதினார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது அது வளையம் எனத் தெளிந்தது. அவர்களின் அளவீட்டில் பிழையில்லை. ஓரிடப் பதிவு அவ்வளவுதான் சொல்லும்.

குழந்தை வளர்ச்சியில் இவ்வட்டாரத்தின் பெரிய கூட்டாய்வு, மலையடிவாரச் சமவெளியில் உள்ள வேலூரில் நடந்தது. வங்காளதேசம், பிரேசில், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், பெரு, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய எட்டு நாடுகளின் ‘மால்-எட்’ திட்டத்தில் இந்தியக் களத்தைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஏற்றது; ககன்தீப் காங், பீனா கோஷி ஆகியோர் முக்கியப் பங்காற்றினர். 2009 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து, நோய், உணவு, வீட்டுச் சூழல், அறிவு வளர்ச்சி ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். வளர்ச்சியை அளக்க அமெரிக்காவில் உருவான பேய்லி அளவுகோலை ஒவ்வொரு மொழிக்கும் தகவமைத்தார்கள். அதன் வினாக்கள் எல்லாக் களத்திலும் ஒன்றையேதான் அளக்கின்றனவா என்பதையே பிறகு தனி ஆய்வாகச் செய்ய வேண்டிவந்தது. மெனிபேபீஸில் பெரும்பாலான ஆய்வகங்கள் வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்தவை. அளவுகோலே பொருந்துமா என்ற இந்தக் கேள்வி அங்கு இவ்வளவு கூர்மையாக எழாது.

வேலூர்க் களத்தின் குழந்தைகள் நகரக் குடிசைப் பகுதியினர். மலைமேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினரும் தமிழே பேசுகிறார்கள் என்பதால் அந்த எண்களை அவர்கள்மீது ஏற்றுவது தவறு. பேச்சுவழக்கு வேறு, சாமை விளையும் கொல்லை வேறு, குழந்தையை யார் தூக்கித் திரிகிறார்கள் என்பதும் வேறாக இருக்கலாம். மலையும் ஒரு களமாக வேண்டுமானால், கொஞ்சல் பேச்சை அங்குள்ள தாய்மாரிடமே பதிவு செய்ய வேண்டும். சோதனை அறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். கொல்லை வேலை மும்முரமான நாட்களில் சோதனை வைக்கக் கூடாது. தாயின் ஒப்புதலைப் படிவத்தில் கைரேகையாக வாங்குவது போதாது. வேண்டாம் என்று சொல்லவும் இடமிருக்கும்படி அதை அவர் பேச்சில் விளக்க வேண்டும்.