உப்பு விளைதலும் கரைதலும்: குடாநாட்டு உப்பளங்களின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வணிகப் பொருள்களுள் உப்புக்குத் தனியிடம் உண்டு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான், வடமராட்சியின் கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காக உப்பேரியின் வாயை வெட்டி ஆழப்படுத்தினான் என்றும், அவ்வாறு வெட்டப்பட்ட தொண்டைமானாறு அவன் பெயராலேயே வழங்குகிறது என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் உப்பை அரசின் தனியுரிமையாக்கி, அதன் விற்பனையிலிருந்து பெருவருவாய் ஈட்டினர்.

உப்பு விளைவிப்பது கடல்நீரை வற்றவிடும் எளிய செயல் அன்று. எது எப்போது படியும், எது கரைந்தே நிற்கும் என்பதை அறிந்து நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றும் தொழில் அது. கரைசலின் செறிவைக் காட்டும் போமே அளவில் ஏறத்தாழ 3 பாகையில் உள்ள கடல்நீர், வெயிலிலும் சோளகக் காற்றிலும் வற்றிச் செறியும்போது, முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. 25 பாகையை எட்டிய பின்னரே கறியுப்பு படிகமாகிறது. ஏறத்தாழ 30 பாகையில், மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடாவிட்டால், அவை உப்பின் மேல் ஒட்டி அதனைக் கசக்கவும் கசியவும் செய்கின்றன.

இவ்வாறு படியும் உப்பு கரையும் விதமும் அதன் படிக அமைப்பைச் சார்ந்தது. அணுக்கள் இடைமுறிவின்றி ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்ட திண்மத்தை ஒற்றைப் படிகம் என்பர். பாத்தியில் மெல்ல வளர்ந்த கனசதுர உப்புக்கல் பெரும்பாலும் அத்தகையது. அது நீர்பட்டால் எங்கும் ஒரே சீராகக் கரைவதில்லை. முனைகளும் விளிம்புகளும் முதலில் மழுங்குகின்றன. தகுந்த கரைப்பானால் முகங்களை மெல்ல அரித்தால், அணு அடுக்கு பிசகிய இடங்களில் சதுர வடிவக் குழிகள் தோன்றுகின்றன. படிகத்தின் உட்குறைகளைக் கண்டறிய ஆய்வுகூடங்கள் கையாளும் அரிப்பு முறையின் அடிப்படை இதுவே. உப்பளத்தின் கழுவும் முறையும் கரைதிறனைச் சார்ந்ததே: உப்பு நிறைவுற்ற நீரால் கழுவும்போது, ஒட்டிய மக்னீசியம் அந்நீரில் கரைந்து அகல, மேலும் உப்பை ஏற்க இயலாத அந்நீர் படிகத்தைக் கரைப்பதில்லை.

குடாநாட்டின் வாயிலான ஆனையிறவில் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பெரிய உப்பளத்தின் விளைச்சல், 1950களில் அமைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று. உப்புநீரில் மின்சாரம் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுக்கும் அத்தொழிலுக்கு மக்னீசியமும் கல்சியமும் கேடானவை என்பதால், உப்பின் தூய்மை அங்கு சுவையைக் கடந்த தேவையாயிற்று. 1990இல் போர் இவ்வுப்பளத்தை முடக்கியது; 2025 மார்ச்சில் ஆனையிறவில் அயடீன் கலந்த உப்பு ஆக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் காலந்தவறிய மழையால் நாட்டின் உப்பு விளைச்சல் குன்றி, இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. எனவே, ஆலைகளைப் பெருக்குவது மட்டும் போதாது. விளைந்த உப்பை மழைக்கு முன் வாரிக் காக்கும் ஏற்பாடும் இத்தொழிலின் இன்றியமையாப் பகுதியாக வேண்டும்.