எழுத்தா, பைட்டா?

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 4.1 பதிப்பு 2004 அக்டோபரில் முழுமை பெற்று வெளிவந்தது. அதுவரை அதற்கு யூனிகோடு தெரியாது. தமிழை வெறும் பைட்டுகளாக வாங்கி, வெறும் பைட்டுகளாகவே திருப்பிக் கொடுத்தது. ஸ்வீடனில் 1995இல் பிறந்த மென்பொருள் அது. வேறெதுவும் சொல்லாவிட்டால் ஸ்வீடிஷ் அகரவரிசையில்தான் சொற்களை அடுக்கும். 2018இல் 8.0 வரும்வரை அவ்வழக்கம் நீடித்தது வேடிக்கைதான்.

புதியதை விரும்பிய நிரலர் தம் கணினியில் 4.1ஐ நிறுவி, யூனிகோடுக்கு அமைத்துக்கொள்ளலாம். தளம் இயங்கும் வாடகை வழங்கியில் 4.0 இருந்தால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வழங்கிக்காரர்களின் தயக்கத்திற்கும் நியாயம் உண்டு: கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறையை 4.1 மாற்றிவிட்டதால், பழைய இணைப்பு நிரல்கள் வாசலிலேயே நின்றுபோயின. வேர்ட்பிரஸ் 4.0ஐக் கைவிட்டதே 2009 டிசம்பரில்தான்.

இரண்டு இடங்களிலும் ஒரே கட்டளையால் அட்டவணை உருவாகிறது என்று கொள்வோம். தலைப்புக்கு 30 அளவு. யூனிகோடுக்கு அமைந்த 4.1 இந்த 30ஐக் குறிகளாக எண்ணும், 4.0 பைட்டுகளாக எண்ணும். ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனி என்பதால் ஐந்து குறிகள். குறிக்கு மூன்றாக, யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். ‘தமிழ் நாடகம்’ என்ற தலைப்பு 12 குறிகள், 34 பைட்டுகள். நிரலரின் கணினியில் பாதி இடம்கூட நிரம்பாது. வழங்கியிலோ இறுதிப் புள்ளி உதிர்ந்து, மகரமும் மூன்றில் ஒரு பங்கை இழந்து, ‘தமிழ் நாடக’ என்பதன் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். ஆங்கிலத் தலைப்பை இட்டுச் சோதித்தவருக்கு இது தென்படவே தென்படாது. ஆங்கில எழுத்து ஒற்றைப் பைட்டு.

4.0இலிருந்து 4.1க்குத் தரவை மாற்றும்போது, தமிழ் முழுதும் ஐரோப்பிய ஒட்டெழுத்துக் குப்பையாகத் தெரிந்த கதை பலருக்கு நினைவிருக்கும். ஏற்கெனவே யூனிகோடாக இருந்ததை லத்தீன் என்று நம்பி இரண்டாம் முறை மாற்றியதன் விளைவு அது. பார்க்கப் பயங்கரம், ஆயினும் பைட்டுகள் தொலையவில்லை, தலைகீழாக மாற்றினால் மீண்டுவிடும். வெட்டுண்ட தலைப்பு அப்படியல்ல. பிழைச்செய்தி ஏதுமின்றி, சேமித்தாயிற்று என்ற பதிலோடு அது வெட்டப்பட்டது. அளவு மீறினால் மறுக்கும் கண்டிப்பு முறை 2005இல் 5.0உடன் வந்தது, கேட்டால் மட்டும். கேளாமலே மறுக்கத் தொடங்கியது 2015இல், 5.7இல்.