காசநோய்: சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு வந்த சிகிச்சை

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று சுற்றுவட்டாரமே குளிர்ந்துவிடும். மூலிகைக் காற்று பட்டால் உடம்பு தேறும், அருவியில் குளித்தால் நோய் விலகும் என்ற நம்பிக்கை நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சாரல் அல்லாஹ்வின் அருட்கொடைதான். ஆனால் நுரையீரலில் காசநோய்க் கிருமி குடியேறியவருக்கு அந்தக் காற்று மருந்தாகாது.

காற்றை நம்பியவர்கள் நாம் மட்டுமல்ல. மருந்துகள் வருவதற்கு முன்பு உலகம் முழுவதும் காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றையே சிகிச்சையாகச் சொன்னார்கள். அதற்காக ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டப்பட்டன. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயர் அந்தக் காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது. அங்கே இடம் கிடைத்தவர்கள் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடந்தார்கள். இடம் கிடைக்காத ஏழைகள்தான் அதிகம்.

இன்று நம் தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்றால் அவர் வீட்டிலிருந்தபடியே, பணம் எதுவும் கொடுக்காமல், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறார். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். அதன் முக்கியமான பகுதி நம் தலைநகரிலேயே நடந்தது.

சென்னையில் நடந்த ஆய்வு

1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இதை நடத்தின. எல்லாமே பொதுப் பணத்தில் இயங்குபவை. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதல் ஆய்வுக்குத் தலைமை வகித்தார்.

அவர்கள் முன் இருந்த கேள்வி எளிமையானது. ஏழை நோயாளி நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாவாரா? அல்லது சானடோரியத்துக்குத்தான் போக வேண்டுமா? இதைக் கண்டறிய 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டில் இருந்தார்கள். மற்றவர்கள் சானடோரியத்தில் தங்கினார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள் தரப்பட்டன.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டும் குறைவு. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து தொடங்கும் முன் பரவியிருந்ததே பெரிய ஆபத்து என்பது தெரியவந்தது. 1959இல் இந்த முடிவு வெளியானது. அதன் பிறகு உலகம் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

அடுத்து அதே மையம் இன்னொன்றையும் கண்டது. நோயாளிகள் நடுவில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வாரம் இரண்டு முறை நேரில் வரவழைத்து, கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்தார்கள். பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய திட்டத்துக்கு இது ஓர் அடிப்படை. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது.

அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?

மருந்துக் கம்பெனிகள் ஆராய்ச்சி செய்கின்றனவே, மக்கள் வரிப்பணம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. கம்பெனிகள் புதிய மருந்துகளைக் கொண்டு வருகின்றன; அதை மறுக்க முடியாது. ஆனால் மலிவான மருந்தை வீட்டிலேயே சாப்பிட்டால் போதும் என்று நிரூபிப்பதால் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. லாபம் தராத கேள்விகளைக் கேட்பதற்குப் பொதுப் பணம்தான் வேண்டும்.

1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவு. ஆனாலும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடும் வகைகளிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் தொடர்கிறது.

இஸ்லாமிய வரலாற்றுக்கும் இது அந்நியமல்ல. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் இயங்கியது. இமாம்கள் ஃபிக்ஹைத் தொகுத்த காலத்தை அடுத்து வந்த மருத்துவர் அர்ராஸி, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இரத்தம் எடுத்து, மற்றவர்களை அப்படியே விட்டு, விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார்.

அரிசியும் பருப்பும்

2023இல் வெளியான இன்னோர் ஆய்வு நம் பைத்துல்மால்களுக்கு நேரடியாகப் பயன்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் 10,345 பேர் இதில் இருந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. நோய் கண்டறிந்த உடனே நோயாளியின் எடை, மூச்சு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்விலிருந்து பிறந்த திட்டம் இது.

மறைப்பதால் வரும் கேடு

இத்தனை இருந்தும் நம் வீடுகளில் நோய் மறைக்கப்படுகிறது. மகளுக்கு வரன் அமையாது, மகனுக்கு வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே சிக்கலாகும் என்ற அச்சமே காரணம். அச்சம் பொய்யல்ல. ஆனால் மறைப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும் தழும்பு மறையாது. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக அது பெரிதாகத்தான் ஆகும். அதற்குள் அதே அறையில் தூங்கும் பிள்ளைகளுக்கும், அருகில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கும் கிருமி போய்ச் சேரும். பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது நம் மார்க்கக் கடமை. நோயாளியின் செய்தியை ஊரெல்லாம் பரப்பாமல் அமானிதமாகக் காப்பதும் கடமைதான். டாக்டரிடம் மறைப்பது மட்டும் கூடாது.

குடும்பங்கள் மனதில் வைக்க வேண்டியவை:

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

• சாதாரணக் காசநோய்க்கு இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களில் உடம்பு தேறியதும் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக நோய் மாறக்கூடும்.

• ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகலாம். அது இரத்தமல்ல. வியர்வைக் கறை பட்ட ஆடையில் தாராளமாகத் தொழலாம்.

• நோய் காற்றில் பரவுகிறது; முஸாஃபஹாவாலோ, தட்டு, துணிகளாலோ அல்ல. மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை பெரிதும் குறையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

• வீட்டிலுள்ள மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை உண்டு. சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

• ரமளானில் நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக மருந்தை விடாமல் டாக்டரிடம் கேளுங்கள். குணமான பின் களாச் செய்யலாம்.

ஜமாஅத்தின் பங்கு

நோயாளிக்கு மத்திய அரசு 2018இல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியது. அது நோயாளி ஒருவருக்கானது. வேலைக்குப் போக முடியாதவரின் வீட்டில் மனைவி, மக்களுக்கும் அரிசி, பருப்பு வேண்டும். ஜார்க்கண்ட் ஆய்வு சொன்னதும் அதுதான். ஏழை நோயாளியின் குடும்பத்துக்கு ஜகாத் நிதியிலிருந்து ஆறு மாத மளிகை கொடுக்க எந்தத் தடையும் இல்லை. மற்ற சமயத்து அண்டை வீட்டாருக்கு ஸதகாவிலிருந்து கொடுக்கலாம். அரசின் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் ஜமாஅத்தாகவே பதிவு செய்தும் உதவலாம்.

ஜும்ஆ பயானில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைப் பேசினால், மறைந்து இருமிக்கொண்டிருக்கும் ஒருவர் திங்கட்கிழமை தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போவார். நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடிக் கண்டெடுக்க நம் நாட்டு மக்களின் பணம் செலவாகியிருக்கிறது. அந்த மாத்திரையை ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டு முடிப்பதே அதற்கு நாம் செலுத்தும் நன்றி.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.