மணிக்கூண்டில் இறங்கினேன்

நாலு வருஷம் பிள்ளைச்சாவடிக்கு, நம் புதுவைப் பொறியியல் கல்லூரிக்கு, பஸ்ஸில் போய் வந்தோம். வழியில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டைப் பார்த்தால் 'இன்னும் ஒரு தூக்கம் போடலாம்' என்று கண்ணை மூடியதோடு சரி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த வேலையும் இல்லாமல் அங்கே இறங்கினேன். முப்பத்தேழு வயதில்தான் புத்தி வந்தது!

மார்க்கெட் பக்கம் டீ குடித்துவிட்டுத் தெருத்தெருவாக நடந்தேன். இது நெசவாளர் ஊர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே பிசின் வாங்கப் பணத்துக்குப் பதில் இந்தத் துணியையே கொடுத்தார்கள். நம்மூர்த் துணி அங்கே காசு! நான் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் காதில் விழவில்லை.

1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதியாருக்கு இவ்வூர் கிருஷ்ணசாமி செட்டியார் நெருங்கிய நண்பர். 'வெல்லச்சு' என்று செல்லப்பெயர் வைத்தவரும் பாரதியார்தான். மேற்கே கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயில் பக்கம் இருந்த செட்டியாரின் மாந்தோப்பில்தான் 'குயில் பாட்டு' பிறந்தது என்பார்கள்.

வெயில் தாழ்ந்ததும் கிழக்கே சோலை நகருக்கு நடந்தேன். கடல் இருக்கிறது, கரை இல்லை. கருங்கல்தான். கல்மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இங்கதான் தம்பி கட்டுமரம் வரிசையா நிக்கும், வலை காயப்போடுவோம். அந்த எடம் இப்ப கடலுக்குள்ள கெடக்கு" என்று கை நீட்டிக் காட்டினார்.

நான் மெக்கானிக்கல். இருந்தாலும் இது எனக்கும் புரிகிற கணக்குதான். இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவேண்டியது வராமல் போக, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. கல்லைக் கொட்டினால் அந்த இடம் தப்பும், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். 2018-19இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் நகரக் கடற்கரைக்கு மணல் திரும்பியது. சுற்றுலா வருகிறவர்களுக்குச் சந்தோஷம். வலை காயப்போடுகிறவருக்கு?

"எங்க தம்பி படிச்சே?" என்று கேட்டார் பெரியவர். பிள்ளைச்சாவடி என்றேன்.

"அங்கயும்தான் கரை போவுது."

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் உட்கார்ந்து அரட்டையடித்த மணல் ஞாபகத்துக்கு வந்தது. இந்தச் சந்திப்பில் சாப்பாடு முடிந்ததும் எல்லோருமாக அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சிவில்காரர்கள் முன்னால் நடக்கட்டும்.