தாது வருடப் பஞ்சமும் சேரியின் உலக அறிவும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். அவரைச் சாதி எதிர்ப்பாளராகவும் பௌத்த மீட்பராகவும் பலமுறை பேசியாகிவிட்டது. இன்று அவர் இதழை வாசித்த மனிதர்கள் உலகத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள், எந்த அனுபவத்திலிருந்து நினைத்தார்கள் என்று பார்க்கலாம். உலக அரசியல், ஏற்றத்தாழ்வு, காலநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி படித்தவர்களுக்கு மட்டுமே உண்டு என்ற நினைப்பு நம் ஊரில் வலுவாக இருக்கிறது. டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் போரையும் டீசல் விலையையும் சேர்த்துப் பேசினால் சிரிக்கிறார்கள். அதையே தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர் சொன்னால் அதற்கு ஆய்வு என்று பெயர்.

கணக்கெடுப்புக்கு வரும் பிள்ளைகள் ‘காலநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா’ என்று நாற்று நடும் பெண்ணிடம் கேட்பார்கள். அவர் தெரியாது என்பார். படிவத்தில் ‘விழிப்புணர்வு இல்லை’ என்று குறித்துக்கொண்டு போவார்கள். ‘முன்னே எத்தனை மணி வரைக்கும் வயலில் நிற்க முடிந்தது, இப்போது எத்தனை மணி வரைக்கும் முடிகிறது’ என்று கேட்டிருந்தால் அரை நாள் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். சமூகவியல் படித்தவர்கள் நம்மிலும் இருக்கிறோம், ஆகவே இது நமக்கும் சேர்த்துத்தான்.

நம் முன்னோர்களுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரையிலான அந்தக் காலத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். கும்மிப் பாட்டாக அது அச்சேறியது. பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ அந்த ஆண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது. இங்கே பருவமழை பொய்த்த அதே ஆண்டுகளில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். இந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பதே பல மதிப்பீடுகள் சொல்லும் கணக்கு. சென்னை மாகாணம் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று.

மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது, ஆனால் எல்லோரும் சாகவில்லை. வயல் காய்ந்தால் மிராசுதாருக்குக் குதிரில் கொஞ்சம் இருக்கும், விற்க நகை இருக்கும், ஈடு வைக்க நிலம் இருக்கும். படியாளுக்கு அன்றன்றைக்கு அளக்கும் படிதான் சொத்து. உழவு நின்றால் படி நிற்கும். ஊர்க் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை இல்லாதவர்களுக்கு, சேரிக் குட்டை வற்றிய பிறகு என்ன மிச்சம்? வறட்சி இயற்கையானது என்று ஒத்துக்கொண்டாலும், சாவு எந்தத் தெருவில் முதலில் நுழையும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

இதில் உலக அரசியல் எங்கே வருகிறது? 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார் வைசிராய் லிட்டன். தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, விலை தானாகச் சரியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. பஞ்சம் நீடித்தபோதே இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பஞ்ச காலத்தில் உணவு கொண்டுவரும் என்று சொல்லிப் போட்ட ரயில் பாதை, எங்கே விலை அதிகமோ அங்கே தானியத்தைக் கொண்டுபோகவும் உதவியது.

அந்த மாதமே ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தைப் பார்வையிட அனுப்பப்பட்டார். இவர் 1874இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்கிப் பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்காகப் பாராட்டுக் கிடைக்கவில்லை, பணத்தை வீணாக்கியதாக ஏச்சுத்தான் கிடைத்தது. சென்னைக்கு வந்தபோது மனிதர் மாறியிருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு உரிய காசு, மேலே ஓர் அணா, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இது போதாது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். உடம்புக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று அதிகாரிகள் காகிதத்தில் வழக்காடிக்கொண்டிருந்தபோது முகாம்களில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். எலும்பை எண்ணிவிடலாம் போல இருக்கும் அந்த மனிதர்கள் யார், எந்த ஊர் என்று பெரும்பாலும் தெரியாது.

பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயரில் ஒரு மதகு கூட இல்லை.

தப்பித்தவர்களில் பலர் கடல் கடந்தார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். அப்படிப் போனவர்களில் பள்ளர், பறையர், அருந்ததியர் பெருந்தொகையினர். காப்பியை இலை நோய் அழித்தபோது தேயிலைக்கு மாற்றினார்கள். இலண்டன் சந்தை எதைக் கேட்கிறதோ அதைப் பறிப்பது இவர்கள் விரல். வடாற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன ஆதிதிராவிடர்கள் வேறொரு திசையில் உலகச் சந்தைக்குள் இறங்கினார்கள், நேராகப் பூமிக்கு அடியில். இப்படிப்பட்டவர்களை உலகம் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா? கிராமத்தை விட்டு நகராத நிலவுடைமையாளரைவிட இவர்களுக்குத்தான் உலகம் அதிகம் தெரிந்திருந்தது.

இந்த அறிவு பிறகு அச்சில் வந்தது. 1907 ஜூன் 19இல் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. இராயப்பேட்டையில் அச்சான இதழுக்குக் கோலாரிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர்கள் இருந்தார்கள். சுதேசியம் பேசியவர்களை அவர் கடுமையாகக் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு முன்கதை உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவு கேட்டு எதிர்ப்பைச் சந்தித்தவர் அவர். அதே கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், கிராமங்களில் கிடக்கும் தரிசு நிலமும் கேட்டார். தாது வருடப் பஞ்சம் முடிந்து பதினான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடுத்த வறட்சியில் சாகாமல் இருக்க என்ன வேண்டும் என்பது அந்தக் கோரிக்கைக்குள் இருப்பதாகவே நாம் வாசிக்கிறோம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, அதே 1892 செப்டம்பர் 30இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனைகளை மீறி அது யார் கைக்குப் போனது என்பதை இந்த அவைக்கு விளக்கத் தேவையில்லை. 1994 அக்டோபர் 10இல் காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்கு இருவரைப் பறிகொடுத்தோம்.

இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ இதழ் 1893இல் தொடங்கியது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து 3412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இதை வெள்ளையர் விசுவாசம் என்று இன்றும் சிலர் எளிதாக எழுதுகிறார்கள். கலெக்டர் நாற்காலியில் நாளை யார் உட்காருவார், சேரி மனு அவர் மேசையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட 3412 பேரின் அரசியல் கருத்து அது. ஏற்பதும் மறுப்பதும் பிறகு, முதலில் அதைக் கருத்தாக மதிக்க வேண்டும்.

இந்த வரிசை அறுபடவில்லை. 1946இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை இந்தியா ஐ.நா.வில் எழுப்பியது. அதே ஆண்டு ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேச வைக்கத் தலித் இயக்கங்கள் போராடியபோது, சாதி இனவெறிக்குள் வராது என்று இந்திய அரசு தடுத்தது.

இப்போது காலநிலைக்கு வருவோம். உலகின் பணக்காரப் பத்து விழுக்காட்டினர் வெளியிடும் கரியமில வாயு மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. பணக்கார நாடுகள் இழப்பீடு தர வேண்டும் என்று இந்தியா உலக மேடைகளில் பேசுகிறது. அது நியாயம், நாமும் பேச வேண்டும். 2022இல் எகிப்தில் கூடிய மாநாடு இழப்பு, சேதத்துக்கான நிதியம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டதும் நல்லதே. ஆனால் நாட்டுக்கு நாடு கேட்கும் அந்த நியாயத்தை ஊருக்கும் சேரிக்கும் இடையே கேட்டால், சாதியைக் கொண்டுவராதே என்கிறார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் நிவாரணம் பிரித்தபோது படகு உள்ளவர்தான் பாதிக்கப்பட்டவர் என்றானது. உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்த தலித் மக்கள், மீன் சுமந்து விற்றவர்கள், பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் ஆக்கிரமிப்பு என்று குடிசைகள் அகற்றப்பட்டன. சதுப்பு நிலத்தை விழுங்கிய பெரிய கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம். அந்த 2015 வெள்ளத்திலேயே அங்கே தண்ணீர் நின்றது. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளம் நிற்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நகரத்துக்குள் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வரும் பெண்களுக்குப் பேருந்திலேயே பாதிப் பொழுது கழிகிறது.

இந்த அமைப்பின் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறோம். அடுத்த புயலோ வறட்சியோ வரும்போது உங்கள் ஊரில் நிவாரணப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், எந்தத் தெருவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பயிர்ச் சேதத்துக்குப் பணம் கேட்கும் மனுவில் சர்வே எண்ணும் பட்டாவும் கேட்பார்கள். அந்த வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, அழுகிய பயிரை அள்ளிப் போட்ட பெண்ணுக்கு எந்த எண்ணும் கிடையாது. அவர் இழந்த கூலி நாள் எத்தனை என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். சர்வே எண் கேட்கும் இடத்தில், பட்டா பறிபோன பஞ்சமி நிலத்தின் பழைய எண்ணையும் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் பலருக்கு அது மனப்பாடம்.